படகுக்கு ஏது கதவு

அந்தப் பழைய பந்தயக் கார் என்னிடம் வந்தபோது இன்ஜினும் சட்டமும் நான்கு சக்கரங்களும்தான் இருந்தன. இன்ஜினை ஓட வைத்தது நான். மேலே மரத்தில் உடம்பு கட்டியது என் மனைவியின் தம்பி, படகு கட்டுகிறவன்.

ஐந்து மாதம் ஷெட்டில் அவன் ராஜ்ஜியம்தான். மரக்கால்களை விலா எலும்பு மாதிரி வரிசையாக நிறுத்தி, ஆவியில் வேகவைத்த பலகைகளை அவற்றின்மேல் வளைத்து, செம்பு ஆணியால் இறுக்கினான். பக்கத்து சீட் ஓரமாக மட்டும் இரண்டு இடங்களில் கால்களை ஜோடியாக நிறுத்தியிருந்தான்.

"என்ன மச்சான், எண்ணிக்கை மறந்துபோச்சா?"

"கை தவறிடுச்சு அத்தான்."

வார்னிஷ் காய்ந்த அன்று பார்த்தேன். முன்னால் அகன்று, பின்னால் கூராகக் குவிந்து, வெயிலில் தேன் நிறத்தில் நின்றது. என் இன்ஜினைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். அன்றைக்கு வாயடைத்துப் போனேன்.

ஆனால் கதவு இல்லை. விளிம்பைத் தாண்டிக் குதித்துத்தான் ஏற வேண்டும். என் மனைவிக்கு வலது முழங்கால் மடங்காது. முதல் சவாரி அவளுக்கென்றுதான் இந்த வண்டியையே தொட்டேன்.

"ஒரு கதவு வையேன்."

"படகுக்கு ஏது கதவு? வளைச்சுக் கட்டின பலகை அத்தான். அறுத்தா நிமிர்ந்துடும். மொத்தமும் பாழ்."

"அப்ப உங்க அக்கா?"

அவன் ஆணி டப்பாவை மூடி வைத்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எங்கள் பேச்சைக் கேட்டு அவள் ஷெட்டுக்குள் வந்து வண்டியை முன்னாலிருந்து வால்வரை தடவினாள். "இதைப் போய் யாராவது அறுப்பாங்களா? நீங்க ஓட்டுங்க. நான் வாசல்ல நின்னு பாக்குறேன்."

அவன் மெல்லிய ரம்பத்தை எடுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு, பலகை வெடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சத்தம் வரவேயில்லை. கண்ணைத் திறந்தபோது அறுத்த துண்டு அவன் கையில் இருந்தது, வளைவு இம்மியும் மாறாமல். ரம்பம் அந்த ஜோடிக் கால்களுக்கு நடுவே போயிருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று கதவோடு வந்துவிட்டது, மற்றது வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"முதல்லயே இதுக்குத்தானா?"

"எண்ணம் இருந்துச்சு அத்தான். தைரியம்தான் இல்ல."

கீல் மாட்டியதும் அக்காவைக் கைப்பிடித்து உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். பலகைக் கோடுகள் விட்ட இடத்தில் சேர்ந்துகொண்டன. அறுத்த இடம் கண்ணுக்கு அகப்படவில்லை. குனிந்து விரலால் தடவித் தேடினேன்.

"தேடினது போதும்," என்றாள் உள்ளேயிருந்து. "வண்டியை எடுங்க."