பதினொரு கிலோ நானூறு கிராம்

விமலன் தன் காரை என் வீட்டு வாசலில் நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான். பழைய சாட்ரியா. என்னிடம் இருப்பதும் அதே கார்தான். என்னுடையது பதினாலு மாதமாகக் கித்தானுக்குள் நிற்கிறது.

"மச்சான், அடுத்த மாசம் செப்பாங் ரேஸ் டிராக்ல டிராக் டே. பேரு குடுத்துட்டேன். காடி மூக்கு ரொம்ப கனமா இருக்குலா, வளைவுல திரும்ப மாட்டேங்குது. பேட்டரிய மாத்திக் குடுங்க."

விமலன் என் மனைவி மோகனாவின் தம்பி. அவள் இறந்தபோது ஜொகூரில் வேலையில் இருந்தான். இப்போது கல்யாணமாகி, பிரிஞ்சாங்கில் காய்கறி லோரி ஓட்டுகிறான். மனைவிக்கு ஏழாவது மாதம்.

அவனுடைய பேட்டரியைக் கழற்றி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். பதினொரு கிலோ நானூறு கிராம்.

"இவ்வளவும் முன்சக்கரத்துக்கு மேல உக்காந்திருக்கு," என்றேன். "இதுக்குப் பதிலா லித்தியம் பேட்டரி. ரெண்டு கிலோ முந்நூறு. அதப் பின்னால கொண்டுபோய் ஸ்பேர் டயர் குழிக்குள்ள இடது பக்கமா வைக்கணும். ஓட்டுறவன் வலது பக்கம் இருக்கான்ல, அதுக்குச் சரிக்கட்ட. நீள கேபிள், பிடி, சுவிட்ச் எல்லாம் சேத்தா ரெண்டு கிலோ கூடும். மொத்தத்துல ஏழு கிலோ மிச்சம். மூக்குல மட்டும் பதினொன்னு போயிடும்."

"அதுல எவ்ளோ நேரம் கெடைக்கும்?"

"ஒரு ரவுண்டுக்குக் கால் செகண்டு. நீ ஒழுங்கா ஓட்டினா."

"போதும்லா. கால் செகண்டுல எத்தன பேரு தோத்திருக்கான்." சிரித்தான். "உங்க காடியிலயும் இப்படிச் செய்யத்தான் இருந்தீங்களா?"

"யோசிச்சேன்," என்றேன்.

செய்தே முடித்திருந்தேன். மோகனா இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு. யாருக்கும் சொல்லவில்லை. மோகனாவுக்கும் சொல்லவில்லை. அவள் கார் ஓட்டமாட்டாள், எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். சின்ன பேட்டரி சும்மா நின்றாலே இறங்கிவிடும். அதனால் குழிக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்தேன். அதற்கு ஒரு சிவப்புச் சாவி. உருவினால் காரில் ஒரு விளக்குகூட எரியாது. காரை நிறுத்தும்போதெல்லாம் உருவி என் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வேன்.

கழற்றிய பழைய பேட்டரியைப் புனிதனுக்குக் கொடுத்தேன். எங்கள் லயத்து வரிசையில் என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. தோட்டத்தில் மருந்தடிப்பான். மிச்ச நேரத்தில் பழைய இரும்பும் பேட்டரியும் சேர்த்துக் கம்போங் ராஜா கடையில் போடுவான். "இத விக்காத. நல்லா இருக்கு. கோழிக்கூண்டு லைட்டுக்கு வச்சுக்க," என்றேன். கை அழுக்காகும் என்று உரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். பேட்டரியின் மேல் என் கார் நம்பரை வெள்ளைப் பெயின்டில் நானே எழுதியிருந்தேன்.

மோகனா இறந்த அன்று பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே நண்பனின் லோரியில் ஈப்போவுக்குப் போயிருந்தேன், எடை குறைந்த சீட் ஒன்று வாங்க. ஏழரை மணிக்கு மோகனாவுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்துமா. பம்ப் அடித்தும் நிற்கவில்லை. மாமனார் தங்கராஜு வீட்டில் இருந்த இன்னொரு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். திருப்பினார். ஒன்றும் எரியவில்லை. பானட்டைத் திறந்தார்கள். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தட்டு. லயமே கூடி நின்று, திருடிவிட்டார்கள் என்றது. பின்னால் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பேட்டரியைப் பின்னால் எவன் வைப்பான்?

எனக்கு ஏழு முறை அழைத்திருந்தார்கள். மலைப்பாதையில் சிக்னல் இல்லை. ஓடுகிற வண்டிகள் எல்லாம் சந்தைக்குப் போயிருந்தன. கீழ் லயத்தில் ஓடாமல் கிடந்த வேனின் பேட்டரியைக் கழற்றித் தூக்கிவந்தார்கள். மாட்டுவதற்குக் கேபிள் முனைகள் அங்கே இல்லை. நான் பின்னால் கொண்டுபோயிருந்தேன். நாற்பது நிமிடம் கழித்துத் தோட்டத்து லோரி வந்தது. அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கியா பார்ம் கடைகளுக்கு முன்னால் சுற்றுலாக் கார்கள் அடைத்துக்கொண்டன. ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள். மோகனா லோரியிலேயே இறந்தாள்.

நான் வந்து சேர்ந்தபோது மாமனார் புனிதனின் கோழிக்கூண்டிலிருந்து அந்தப் பேட்டரியைத் தூக்கிவந்து வாசலில் வைத்திருந்தார். வெள்ளைப் பெயின்டில் என் கையெழுத்து. புனிதன், "அண்ணன்தான் குடுத்தாரு, கேட்டுப் பாருங்க," என்றான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே மோகனாவைக் கிடத்தியிருந்தார்கள். சிவப்புச் சாவி என் பைக்குள் இருந்தது.

"குடுத்த ஞாபகம் இல்ல," என்றேன்.

மறுநாள் ஜொகூரிலிருந்து வந்த விமலன், புனிதனின் வலது மணிக்கட்டை ஸ்பானரால் அடித்து ஒடித்தான். மாமனார் கங்காணி. கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். புனிதனுக்கு வேலை போயிற்று. லயத்துக்குள் காலை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அவன் கம்போங் ராஜாவில் ஒரு காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கிறான். அவன் தாய் வேலாயி மட்டும் நாலாவது வீட்டில். வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எம்புள்ள எடுக்கல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன மாதம் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கட்டிலில் கிடந்து சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை புனிதன் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் எனக்காகக் காத்திருந்தான். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது.

"அண்ணே, பக்கத்து வூட்டு பாஞ்சாலைக்கா ஒரு வேள வந்து சோறு ஊட்டுதாம். மத்த நேரம் அம்மா மூத்திரத்துலயே கெடக்குதாம்."

"கேள்விப்பட்டேன்."

"நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். குடுத்தேன், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுன்னு. உங்கள யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க."

"பார்க்கலாம்."

"நெசமாவே ஞாபகம் இல்லையா? உரச் சாக்குல சுத்திக் குடுத்தீங்களே."

"ஷிப்ட்டுக்கு நேரமாச்சு."

அவன் ஒதுங்கி வழிவிட்டான். "சரிண்ணே, போங்க. அண்ணி போனதுலேருந்து உங்களுக்கும் மனசு சரியில்ல. எனக்குத் தெரியும்."

அன்று மாலை மாமனார் வந்தார். விமலனும் இருந்தான்.

"புனிதன் ஆளு விட்டுக் கேக்குறான், மாப்ள. ஆத்தாளப் பாத்துக்கணுமாம். கமிட்டியில பேசிட்டோம். அந்தப் பேட்டரி கோயில் ஸ்டோர்லதான் கெடக்கு. ஞாயித்துக்கெழம கோயில்லேருந்து தூக்கிட்டு ரெண்டு லயத்தையும் சுத்தி வந்து, ஒன் வாசப்படியில வச்சு, நான்தான் எடுத்தேன்னு வாயால சொல்லணும். சொன்னா உள்ள வரலாம். இல்லன்னா ஆத்தா பொணத்துக்குக்கூட வர வேணாம்."

"கை சரியில்லையே, மாமா."

"தோள்ல வைக்கட்டும்லா," என்றான் விமலன். "திருடுறப்ப எந்தக் கையில தூக்கினானாம்?"

மாமனார் சிரிக்கவில்லை. மோகனாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் எத்தன தடவ திருப்பினேன் தெரியுமா அந்தச் சாவிய," என்றார். இதை அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வேலை முடிந்து வந்தேன். என் காரின் கித்தான் விலகியிருந்தது. பின் கதவு திறந்திருந்தது. குழியை மூடியிருந்த பலகை தரையில் கிடந்தது. விமலன் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"கேபிள் எந்த வழியா போகணும்னு பாக்கலாம்னு திறந்தேன், மச்சான்."

நான் டிபன் கேரியரைக் கீழே வைத்தேன்.

"இத எப்ப வச்சீங்க?"

"அதுக்கு ஒரு மாசம் முன்னால."

"அன்னிக்கு இங்கதான் இருந்துச்சா?"

"இங்கதான்."

"அப்பறம் ஏன் ஸ்டார்ட் ஆகல?"

சாவிக்கொத்தை எடுத்துச் சிவப்புச் சாவியைக் காட்டினேன். அது எங்கே பொருந்தும் என்று அவனே குழிக்குள் பார்த்துக்கொண்டான். ஸ்பானர் அவன் காலடியில் கிடந்தது. அடிப்பான் என்று நினைத்து நின்றுகொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

"அப்ப அந்தப் பேட்டரி?"

"நான்தான் குடுத்தேன்."

அவன் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு அவன் தூக்கிட்டு வருவான்," என்றேன். "நீ மாமாகிட்ட சொல்றதுன்னா சொல்லு. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

கீழே சரிவில் கொழுந்து வெட்டும் மெஷின் நின்று, ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா தாங்க மாட்டாரு, மச்சான். பின்னால ஒருதரம் தெறந்து பாத்திருந்தா போதும்னு தெரிஞ்சா செத்துருவாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் வேற அவன் கைய ஒடிச்சு வச்சிருக்கேன். போலீசுக்குப் போனான்னா? எனக்குப் புள்ள பொறக்கப் போகுது."

"சரி."

"அவன் ஒத்துக்கிட்டு உள்ள வரட்டும். ஆத்தாளப் பாத்துக்கட்டும். அவனுக்கு வேண்டியதும் அதுதானே? எல்லாருக்கும் முடிஞ்சிரும்."

"சரி," என்றேன் மறுபடியும்.

பலகையை அவனே எடுத்துப் போட்டு, பின் கதவைச் சாத்தி, கித்தானை இழுத்து மூடினான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்தான்.

"என் காடிக்கு ஒன்னும் செய்ய வேணாம். பேட்டரி முன்னாலயே இருக்கட்டும்."

"மூக்கு கனமாவே இருக்கும்."

"இருக்கட்டும்லா."

என் வாசலிலேயே நின்றிருந்த தன் காரில், நான் கழற்றி வைத்த பேட்டரியைத் தானே தூக்கி மாட்டினான். மூன்று முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புனிதன் கோயிலிலிருந்து புறப்பட்டான். பேட்டரி இடது தோளில். வலது கையால் அணைத்துப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் மடங்கவில்லை. வாசல்களில் எல்லோரும் நின்றார்கள்.

"பாத்துடா, ஆசிட் ஊத்திக்கப் போற!"

"அவனுக்கு என்ன, பழக்கம்தான. இன்னொன்னு குடுத்தாலும் தூக்குவான்."

கீழ் லயத்தை முடித்து எங்கள் லயத்துக்கு ஏறும்போது இரண்டு இடத்தில் நின்றான். யாரும் இறக்கி வைக்கச் சொல்லவில்லை. மாமனார் அவனுக்குப் பின்னால் வந்தார். நாலாவது வீட்டுக்கு முன்னால், "நில்லு," என்றார். கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில் தெரிந்தது.

"இங்கயும் சொல்லு. ஆத்தாவும் கேக்கட்டும்."

"அண்ணன் வாசல்லதானே சொல்லச் சொன்னீங்க, மாமா," என்றான் புனிதன்.

"சொல்லுடா."

"நான்தான் எடுத்தேன்."

"அவளுக்குக் காது மந்தம்."

"நான்தான் எடுத்தேம்மா!"



நான் வாசற்படியில் நின்றேன். விமலன் எனக்குப் பக்கத்தில் நின்று, காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். புனிதன் வந்து முழங்காலை மடக்கி பேட்டரியைப் படியில் இறக்கினான். வெள்ளைப் பெயின்ட் எழுத்து என் பக்கம் பார்க்கும்படி வைத்தான். தோளில் சட்டை கிழிந்திருந்தது.

"நான்தான் எடுத்தேன். மன்னிச்சிருங்கண்ணே."

"மாப்ள, போதுமா?" என்று மாமனார் கேட்டார்.

"போதும்," என்றேன்.

ஆட்கள் கலைந்தார்கள். புனிதன் தாயிடம் ஓடினான். நான் படியிலேயே நின்றேன். சற்று நேரத்தில் அந்த வீட்டுக்குள் டம்ளர் விழுந்து உருண்டது. வேலாயியின் நாக்கு குழறியது, ஆனால் விளங்கியது.

"திருடன் கையால எனக்குத் தண்ணி வேணாம்."

பாஞ்சாலை அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் வாசலில் உட்கார்ந்தான்.

நான் போய் என் காரின் கித்தானை உருவிப் போட்டேன். பின் கதவைத் திறந்து, பலகையைத் தூக்கி, சிவப்புச் சாவியைச் செருகித் திருப்பி, மறுபடி மூடினேன். முன்னால் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். ஒரே திருப்பு. பழைய பெட்ரோலில் இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் ஓடியது.

கலைந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள். மாமனார் கைகளை உயர்த்தினார். அவர் கண்ணில் நீர் வழிந்தது.

"பாத்தீங்களா? பேட்டரி வந்து சேந்துச்சு, காடி ஓடுது! அன்னிக்கு இது இருந்திருந்தா எம்மக இருந்திருப்பா!"

விமலன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனான்.

புனிதன் எழுந்து வந்தான். என் வாசற்படியைப் பார்த்தான். பேட்டரி அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. காரைப் பார்த்தான். மறுபடி படியைப் பார்த்தான். பிறகு மெல்ல நடந்து வந்து, ஒடிந்த கையைப் பானட்டின் மேல் வைத்தான். இன்ஜின் அதிர்வில் அந்தக் கை ஆடியது.

"பானட்டத் தெறந்து காட்டுங்கண்ணே," என்றான். முன் கண்ணாடி வழியாக என்னை மட்டும் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னான்.

"என்னடா அங்க தடவுற?" மாமனார் பின்னாலிருந்து கத்தினார். "மறுபடியும் கழட்டப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். புனிதன் கையை எடுக்கவில்லை.

நான் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினேன்.