முதல் பாரி

உசிலம்பட்டிப் பக்கத்து அந்த ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி ஊர்வலம் கிளம்பினால், முன்னால் போவது விருமாண்டி வீட்டுப் பாரிதான். அந்த வரிசையை மாற்ற இதுவரை எவனும் வாய் திறந்ததில்லை. இந்த வருடம் அந்தப் பாரி இருட்டறைக்குள்ளேயே கருகிவிட்டது.

பயறும் சோளமும் இரண்டு விரல் உயரம் எழும்பி, மஞ்சளித்து, நுனி தீய்ந்து சாய்ந்து கிடந்தன. பாரி வாடினால், வளர்த்தவள் விரதம் தப்பினாள் என்றுதான் ஊர் பேசும். விருமாண்டியும் அந்த ஊர்க்காரர்தானே. மருமகள் தமிழ்ச்செல்வியிடம் கேட்டேவிட்டார்.

"விரதத்துல ஏதும் தப்பு நடந்துச்சாத்தா?"

அவள் முகம் சுருங்கியது. "அந்த ரூமுக்குள்ள செத்த நேரம் உக்காந்து பாருங்க மாமா. பகல் வெக்கை விடிய விடிய இறங்க மாட்டேங்குது. ஈரச்சாக்கு போட்டா அதுவும் சுடுது. பயறு முளைக்குமா, வேகுமா?"

உள்ளே போனார். சுவரில் கை வைக்க முடியவில்லை. ஐப்பசியில் வராத மழை மார்கழியில் கொட்டிக் கடலையை அழுக வைத்தது. மாசியிலேயே கத்திரி வெயில். பங்காளி வரப்பை நகர்த்தினால் பஞ்சாயத்தில் நிறுத்திக் கேட்கலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது?

"மதுரையில ஏசி ரூமுல வளத்து விக்கிறாய்ங்கப்பா. சொன்னா வேன்ல வந்திரும்" என்றான் மகன் செல்வக்குமார்.

"வாங்கிப் போடுறதுக்கு அது என்ன சட்டையாடா? நம்ம வீட்டுல முளைச்சாத்தான் நம்ம பாரி!"

சாயங்காலம் கோயில் வாசலில் மற்ற பாரிகளெல்லாம் பச்சைப் பசேலென்று ஒரே உயரத்தில் நின்றன. மைத்துனர் ஆண்டிச்சாமி எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், பாரியா வைக்கோலா?"

"உன் பாரி ஏசியில பொறந்தது மாப்ள. வெளியில நிக்குது, சளி பிடிச்சிராம பாத்துக்க."

சிலர் சிரித்தார்கள். பூசாரி சோணை சிரிக்கவில்லை. "அண்ணே, கருகுன பாரி முன்னால போனா ஊருக்கு ஆகாதும்பாக. இந்த வருசம் கடைசியில வரட்டும்."

"முதல்ல போகலேன்னா போகவே வேணாம். இறக்குத்தா கீழ!"

தமிழ்ச்செல்வி இறக்கவில்லை. "ஆத்தாளுக்கு எடுத்த பாரி மாமா. உங்க வரிசைக்கா நான் விரதம் இருந்தேன்?" தலை நிமிர்ந்தபடி கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

விருமாண்டி துண்டை உதறிக்கொண்டு வீட்டைப் பார்க்கத் திரும்பினார். கூட்டத்தில் எவனோ முணுமுணுத்தான்: "விரதம் தப்பிருச்சு போல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மருமகள் பக்கத்தில் வந்து நின்றார்.

"எவன்டா அவன்? முன்னால வந்து பேசு! ஊருக்கே சேத்துத்தான்டா வெக்கை அடிக்குது. எம் மருமக பாரி மட்டுமா கருகுச்சு? அம்புட்டுப் பேரும் கருகுன பாரியக் கொட்டுன குப்பையைக் கிளறிப் பாப்பமா?"

ஆண்டிச்சாமி கொட்டுக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். கொட்டு ஓங்கி முழங்கியது. அதற்கு மேல் விருமாண்டி கத்தியது எதுவும் யார் காதிலும் விழவில்லை.