முழங்காலால் வந்த சம்பந்தம்

"அப்பா, லுவாசியின்ர அம்மா 'உன்ஜானி' எண்டு கேப்பா. எப்பிடிச் சுகம் எண்டு அர்த்தம். நீங்கள் 'ந்திபிலிலே' எண்டு சொல்லுங்கோ. நல்ல சுகம். அவ்வளவுதான். பிறகு வாயை மூடுங்கோ."

சுபானி இதைச் சொன்னபோது இன்னாசித்தம்பி மிகவும் பணிவாகத் தலையாட்டினார். அவர் பணிவாகத் தலையாட்டினால் ஏதோ விபரீதம் வரப்போகிறது என்பது மனைவி புஸ்பவதிக்குத் தெரியும்.

விஷயம் சின்னதல்ல. சுபானி கட்டப்போகும் லுவாசி ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் எஞ்சினியர். அவனுடைய தாய் நொம்வுயோ தென்னாபிரிக்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி. அவருக்குக் கோசா மொழியும் ஆங்கிலமும் தெரியும். இன்னாசித்தம்பிக்குத் தமிழும், வேலைத்தளத்தில் பொறுக்கியெடுத்த ஜெர்மனும். "கலியாணத்தை நான் தடுக்கவில்லை மகனே, ஆனால் வரமாட்டேன். ஒரு சொல் பேசமுடியாத வீட்டில் பொம்மை மாதிரிச் சிரித்துக்கொண்டு இருக்க என்னால் ஆகாது" என்று நொம்வுயோ சொல்லிவிட்டார். லுவாசி கெஞ்சிக் கூத்தாடியதில், ஒருமுறை வந்து பார்க்க மட்டும் சம்மதித்திருந்தார். மாப்பிள்ளையின் தாய் வராத கலியாணத்தை நினைத்துச் சுபானி அழுத அழுகை தகப்பனின் நெஞ்சில் அப்படியே கிடந்தது.

ஆகவே அவர் கைபேசியில் களவாகக் கோசா படிக்கத் தொடங்கினார். உணவு, வானிலை, கடைத்தெரு என்று பாடங்கள் இருந்தன. அவர் நேரே நோய்களுக்குப் போனார். பசியைக் கையால் காட்டலாம். இடுப்பில் நாரி உளைவை எப்படிக் காட்டுவது?

நாரிக்கு 'உம்கோலோ'. அதன் நடுவில் போத்தல் மூடி திறப்பதுபோல் நாக்கால் ஒரு சத்தம் போடவேண்டும். குளியலறையைப் பூட்டிக்கொண்டு பழகினார்.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்குப் பல்லி சொல்லுது!" என்று புஸ்பவதி கதவில் தட்டினாள்.

"வுப்பர்டாலிலை என்ன பல்லி? விசர்க்கதை கதையாதை."

"அப்ப, சொன்னது நீங்களோ?"

நோய்ச் சொற்கள் எல்லாம் மளமளவென்று வந்தன. வராதது அந்த 'ந்திபிலிலே' ஒன்றுதான். நாக்கில் குறையில்லை. தான் நல்ல சுகம் என்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்பது அவருடைய அசைக்கமுடியாத நம்பிக்கை. ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரர்தான். என்றாலும் நாவூறு எல்லா மதத்துக்கும் பொது. ஒருமுறை வேலைத்தளத்துப் போர்மனிடம் 'மிக நல்ல சுகம்' என்று ஜெர்மனில் சொன்னார். அன்று பின்னேரமே பனியில் சறுக்கி விழுந்தார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

டுசெல்டோர்ப் விமான நிலையத்தில் நொம்வுயோ வந்து இறங்கினார். நல்ல உயரம். புகைப்படத்தில் பார்த்த அதே சிரிப்பு, ஒட்டிவைத்ததுபோல. லுவாசி தள்ளுவண்டி தேடிப் போயிருந்தான்.

"உன்ஜானி, தாதா?"

"ந்தி..." என்றார் இன்னாசித்தம்பி. சுபானி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்முன் பனி பளபளத்தது. "இடோலோ லிபுஹ்லுங்கு, மாமா."

கோசாவில் தாதா என்றால் அப்பா, மாமா என்றால் அம்மா. அது தெரியாத புஸ்பவதி அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். முழங்கால் நோகுது என்று சொல்லித் தொடங்கியவர் நாரிக்கு ஏறி, இருமலுக்குத் தாவினார்.

"அப்பா!" சுபானி அவர் கையில் கிள்ளினாள். "எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியள்!"

நொம்வுயோவின் சிரிப்பு கழன்று விழுந்துவிட்டது. "யோ!" என்றார். பையைக் கீழே போட்டார். சம்பந்தியைத் தோளில் பிடித்து வாங்கில் இருத்தி, காற்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டி, நாலு பக்கமும் அமத்திப் பார்த்தார். பயணிகள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு விலகிப் போனார்கள்.

பிறகு மகன் வருகிறானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பாவாடையைச் சற்றே உயர்த்தினார். அவருடைய முழங்காலிலும் ஒரு கட்டு.

"நாம்," என்றார் மெதுவாக. எனக்கும்தான்.

இன்னாசித்தம்பி தன்னையறியாமல் உச்சுக்கொட்டினார். கைபேசி தொடக்கத்தில் பிழை, பிழை என்று தள்ளிய கோசாச் சத்தங்களில் ஒன்று அச்சொட்டாக அதுதான். நொம்வுயோ வயிறு குலுங்கச் சிரித்தார். இது வேறு சிரிப்பு.

நொம்வுயோ தங்கிநின்ற நாள் முழுக்க இருவரும் சோபாவில் நாலு முழங்காலையும் வரிசையாக நீட்டி இருந்தார்கள். புஸ்பவதி நோவெண்ணெய் பூசினாள். பூசப் பூசக் கோசாவில் முனகல் கேட்டது. திரும்பிப் போகும்போது நொம்வுயோ மகனிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "கலியாணத்துக்கு வருவேன். தாதாவின் முழங்காலை யாராவது பார்க்கவேண்டுமே."

இப்போது ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பு. ஒரே ஒரு சிக்கல்: எண்ணெய் வேலை செய்துவிட்டது.

"அப்பா, நேற்று தொங்கு ரயிலைப் பிடிக்கப் படியிலை ஓடினியளாம்?"

"சத்தம் போடாதை பிள்ளை. பிறகு நான் அவவோடை என்னத்தைக் கதைக்கிறது?"

கைபேசி அடித்தது. இன்னாசித்தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இடோலோ..." என்று தொடங்கினார். அங்கே நொம்வுயோவும் தன் முழங்காலைத் தடவி முனகினார். அப்போது அவர் வீட்டு வாசலில் யாரோ கூப்பிட, மனுஷி மான்குட்டி மாதிரித் துள்ளி எழுந்து ஓடினார். திரும்பி வந்தவர் கமெராவைக் கண்டதும் நொண்டி நொண்டி, கதிரையைப் பிடித்து, மெல்ல அமர்ந்தார்.

இன்னாசித்தம்பி பரிவோடு உச்சுக்கொட்டினார்.