ஏறுகிற வண்டிக்கு வழி

பொன்னுமணி செல்போனை மகளின் மடிக்கணினி மேல் விட்டெறிந்தார்.

"நீ எனக்குப் பொறந்தவதானா? இல்ல, அந்தக் காசிமாயன் சம்பளத்துக்கு வச்ச ஆளா?"

முத்துப்பிரியா போனை எடுத்துப் பார்த்தாள். போடி ஜீப் ஸ்டாண்டில் புத்தம்புது பிளெக்ஸ் ஒன்று தொங்கியது. அதிலிருந்தது அவள் எடுத்த படம்தான். முன்னால் வெள்ளை ஜீப்பு. அதன் வாலைப் பிடித்தாற்போல் பின்னால் பச்சை ஜீப்பு. இரண்டும் ஒரே திசையைப் பார்த்து நின்றன. வெள்ளை, பெரியப்பா காசிமாயனுடையது. பச்சை, அப்பாவுடையது. மேலே கொட்டை எழுத்தில், "அண்ணன் வழியில் அன்புத் தம்பி!" என்று போட்டிருந்தது.

"இன்ஸ்டாவுல போட்டேன். பெரியப்பா எடுத்துக்கிட்டாரு. நான் குடுக்கல."

"நீ எடுத்தாத்தானடி அவன் எடுப்பான்? டீக்கடையில சுருளிவேல் கேக்குறான், 'என்னண்ணே, வைராக்கியம் பஞ்சராயிருச்சா'ன்னு. ஊரே சிரிக்குது!"

வைராக்கியம் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. ஏலக்காய்த் தோட்டத்தைப் பங்கு பிரித்த அன்றைக்கு, நடு வாசலில் நின்று, "இனி செத்தாலும் உன் பின்னாடி ஓரடி வைக்க மாட்டேன்" என்று அண்ணனிடம் கத்திவிட்டு வந்தவர் பொன்னுமணி. அதற்காகவே வாழ்க்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அண்ணன் காலையில் ஆளேற்றிக்கொண்டு மலைக்குப் போவாரா, இவர் ராத்திரி மலையிலேயே தங்கி, காலையில் இறங்குவார். அண்ணன் சாயங்காலம் இறங்கும்போது இவர் ஏறுவார். ஒருவர் புகையை ஒருவர் குடிக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட மனிதரை அண்ணன் பின்னால் ஓடவிட்டிருந்தது முத்துப்பிரியாவின் படம்.

முந்தல் கிராமத்தைத் தாண்டி மலை ஆரம்பிக்கிற இடத்தில், அவர்களுடைய மாந்தோப்புப் பம்புசெட்டின் மொட்டைமாடியில் அவள் கேமரா வைத்திருந்தாள். எதிரே ரோடு. அங்கே சின்னப் பாலத்தில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்ததால், ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். பாலத்துக் கைப்பிடிச் சுவரில், கேமராவுக்கு நேர் நடுவில், சுண்ணாம்பால் செங்குத்தாக ஒரு கோடு இழுத்திருந்தாள். வீடியோ என்பது வரிசையாக ஓடுகிற ஏராளமான படங்கள். அவள் எழுதிய புரோகிராம், ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோடு இருக்கிற இடத்தை மட்டும் நூல் மாதிரி உருவி, அந்த நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போகும். ரோட்டின் ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரே நீளப் பட்டையாகத் திரையில் நகரும். வேகமாகப் போகிற வண்டி அதில் ஒடுங்கிப்போகும். மெதுவாகப் போனால் ரயில் மாதிரி நீளும். அசையாமல் நிற்பது வெறும் வரிகளாக இழுபடும்.

கொச்சியில் ஒரு கண்காட்சிக்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முழு வீடியோவும் நாளை சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கடைசிப் பகுதி மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை.

"அப்பா, இங்க வந்து பாருங்க. பெரியப்பா ஏறுறாரு, நீங்க இறங்குறீங்க. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கோட்டை முதல்ல தொடுறது மூஞ்சிதான? அதனால மூஞ்சி முதல்ல ஒட்டிக்கும், வாலு அப்பறம். எல்லாரும் ஒரே பக்கம் போற மாதிரித்தான் தெரியும். நாயி குறுக்க போனாலும் அப்படித்தான்."

"சரி, அவன் எதுக்கு முன்னாடி வர்றான்?"

"அவரு முதல்ல கோட்டைத் தாண்டுனாரு. நீங்கதான் பாலத்துக்கு அந்தாண்ட நின்னு வழி விட்டீங்க."

"நானா? அவனுக்கா?" பொன்னுமணியின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஏறுற வண்டிக்கு வழி விடணும்டி! மலை ரோட்டுச் சட்டம் அது. ரோட்டுக்கு விட்டேன், அவனுக்கு விடல!"

"அது படத்துக்குத் தெரியாது."

"அப்ப வெட்டி மாத்தி ஒட்டு. என்னை முன்னாடி வை. நாளைக்கே நானும் பிளெக்ஸ் அடிக்கிறேன்."

"மாட்டேன்."

"என்ன சொன்ன?"

"என் பேரு போட்டுப் போற படம். பொய்யா ஒட்ட மாட்டேன்."

"பேரு! கோடு கோடா கிழிச்சுப் போட்டுட்டு அதுக்கு ஒரு பேரு! கேட்டுக்க. நாளைக்குக் காலையில நான் முன்னாடி வரல, இந்தக் கேமராவும் இருக்காது, கொச்சியும் இருக்காது. வந்து அடுப்பைப் பாரு."

முத்துப்பிரியாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. சொல்லியிருக்கக் கூடாது, சொன்னாள்.

"முன்னாடி வரணும்னா நீங்க முதல்ல கோட்டைத் தாண்டுங்க. வெட்டவும் வேணாம், ஒட்டவும் வேணாம்."

பொன்னுமணி செல்போனைப் பிடுங்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாடியில் உட்கார்ந்து அவள் கேமராவை ஓடவிட்டாள். லோடு வண்டி ஒன்று போயிற்று. பால்காரர் போனார். திரையில் பட்டை நூல் நூலாக வளர்ந்தது. பிறகு கீழேயிருந்து வெள்ளை ஜீப்பின் ஆரன் கேட்டது. மேலேயிருந்து அதற்குப் பதில் சொல்வதுபோலப் பச்சை ஜீப்பின் ஆரன். இன்றைக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கவில்லை. ஏறுகிற வண்டியும் விடுவதாக இல்லை. இரண்டும் பாலத்துக்குள் பாய்ந்து, டயர் கீச்சிட, மூக்கும் மூக்கும் ஒரு முழ இடைவெளியில் நின்றன.

"ரிவர்ஸ் எடுடா!" காசிமாயன் தலையை வெளியே நீட்டினார். "ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு உனக்கு ஸ்டேரிங் பிடிக்கச் சொல்லிக்குடுத்ததே நான்தான்டா!"

"அந்த ஒண்ணைச் சொல்லிக்குடுத்துட்டுத்தான தண்ணி இருக்கற பங்கைச் சுருட்டிக்கிட்ட! நீ எடு ரிவர்சு!"

"உன் மகளே உன்னை என் பின்னாடி போட்டுட்டா. உனக்கு என்னடா இன்னும் வீறாப்பு?"

"அவளை நான் பாத்துக்கறேன். நீ பல்லு பத்திரமா இருக்கணும்னா எடு!"

ஜீப்புகளுக்குள் எஸ்டேட்டுப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை ஜீப்பிலிருந்து பாண்டியம்மாள் முதலில் குதித்தாள்.

"ஏ, இறங்குங்கடி. இவுக பங்காளிச் சண்டை முடியறதுக்குள்ள நமக்கு அரைச் சம்பளம் போயிரும். மேல வேற ஜீப்பு பாப்போம்."

"யாரைக் கேட்டு இறங்குற?" என்று காசிமாயன் பாய்ந்தார்.

"உங்களைக் கேட்டாத்தான் நாங்க நாளைக்குப் போய்ச் சேருவோமே!"

பெண்கள் தூக்குவாளியும் மழைக்கோட்டுமாக, வண்டிகளின் ஓரமாய்ச் சுண்ணாம்புக் கோட்டைக் கடந்து ஏறினார்கள். பச்சை ஜீப்பிலிருந்து இறங்கிய, எஸ்டேட்டில் தங்கி வேலை பார்த்து ஊர் திரும்புகிற பெண்கள் எதிர்ப்பக்கமாகக் கடந்தார்கள்.

முத்துப்பிரியா திரையைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே முன்னால் சாய்ந்தாள்.

கோடு சரியாக அந்த ஒரு முழ இடைவெளியில் விழுந்திருந்தது. வெள்ளையும் அதைத் தொடவில்லை, பச்சையும் தொடவில்லை. பாலத்துச் சுவர் மட்டும் சாம்பல் வரிகளாக இழுபட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல், ஒருத்தி பின் ஒருத்தியாக, வாளி வளையம் வரை தெளிவாகப் பெண்கள். ஏறினவளும் இறங்கினவளும் ஒரே திசையில், ஒரே வரிசையில். அவள் தேடிக்கொண்டிருந்த கடைசிப் பகுதி இதுதான்.

"ஏத்தா முத்து!" காசிமாயன் கீழேயிருந்து கத்தினார். "நீயே சொல்லு. யாரு முன்னாடி?"

"ரெண்டு பேரும் இன்னும் வரவே இல்ல, பெரியப்பா."

பொன்னுமணிக்கு அது போதவில்லை. ஜீப்பைப் பாலத்திலேயே விட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். கடைசிப் பெண்ணும் கடந்துவிட்டதைப் பார்த்து முத்துப்பிரியா பதிவை நிறுத்தினாள். அவர் திரையை வெறித்தார்.

"நான் எங்கடி?"

"இல்ல."

"அவன்?"

"அவரும் இல்ல."

ஒரு கணம் அவருக்கு நிம்மதி வந்த மாதிரி இருந்தது. உடனே முகம் மாறியது.

"அப்ப அந்த பிளெக்ஸ்தான் ஊருக்கு நெலச்சு நிக்கும். இதை அழி. எல்லாத்தையும் அழி!"

"மாட்டேன்ப்பா."

அவர் ஸ்டாண்டோடு கேமராவைத் தூக்கினார். அவள் தடுக்கவில்லை, மடிக்கணினியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பாலத்துக்காகத் தோண்டிய குழிக்குள் கேமரா விழுகிற சத்தம் கேட்டது.

"வீட்டுப் பக்கம் வந்துராத!"

"வரல."

வெள்ளை ஜீப்புக்குப் பின்னால் மூணாறு பஸ்சு ஆரன் அடித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் வரிசை முந்தல் வரைக்கும் போயிருந்தது. அவள் கீழே வந்து அந்தப் பஸ்சில் ஏறி, சன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள்.

"மூணாறு ஒண்ணு. அங்கிருந்து கொச்சிக்குப் பஸ்சு இருக்கும்ல?"

"இருக்கும்," என்றார் கண்டக்டர் எரிச்சலாக. "டிக்கெட்டு நான் குடுத்துருவேன். முன்னாடி நிக்கிற அந்த ரெண்டு மாடும் வழி விடணுமே! யாரு பெத்ததுகளோ!"

"பச்சை ஜீப்பு எங்கப்பா."

கண்டக்டர் குனிந்து டிக்கெட்டைக் கிழித்தார்.

வெளியே பொன்னுமணி தன் ஜீப்பில் திரும்ப ஏறி உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டார். எதிரே காசிமாயனும் கைகளைக் கட்டிக்கொண்டார். முத்துப்பிரியா மடிக்கணினியைத் திறந்து, காலையில் எடுத்த பட்டையைப் படத்தின் கடைசியில் சேர்த்து, முழு வீடியோவாக மாற்றக் கொடுத்தாள். முடிய இரண்டு மணி நேரமாகும் என்று காட்டியது.

தாராளமாக முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.