கால்வாய் வீட்டுக்கு வந்த உடும்பக்கா

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தோளோடு தோள் இடித்தால் இடிக்கட்டும், நமக்குள் என்ன இருக்கிறது. கதவைத் திறக்கவே மாட்டேன் என்ற ஒரு தங்கையையும், திறக்காமல் நகரவே மாட்டேன் என்ற அவள் அக்காளையும் பற்றிச் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடலோரத்தில் ஒரு பெரிய நகரம். அதன் பழைய பகுதியில் தெருவே கிடையாது, எல்லாம் கால்வாய். வாசற்படி நேரே தண்ணீருக்குள் இறங்கும். ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் வந்து நின்ற வீடுகள் அவை. இப்போது வெளியூர்க்காரர்கள் படகில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

அன்று காலை அந்தக் கால்வாய்க்குள் படகில் வந்த ஒருத்தி மட்டும் வேடிக்கை பார்க்க வரவில்லை. தொலைவில், தண்ணீரே எட்டாத மேட்டு நிலத்து ஊர் அவளுக்கு. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையை மேற்பார்வை செய்கிறவள். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் குடும்பத்தில் அவளுக்கு உடும்பக்கா என்று பெயர். தாயில்லாத தங்கையை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள். அந்தத் தங்கை வாழ்க்கைப்பட்டது இங்கே ஒரு கால்வாய் வீட்டில். அடுத்த மாதம் தலைப்பிரசவம். ஆனால் அக்காளோடு பேச்சு நின்று ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது.

ஏன் என்று கேளுங்கள். முன்பு ஒருமுறை தங்கையின் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஒத்தாசைக்கு வந்து தங்கினாள் அக்காள். கீழ்க்கட்டில் மாடிப்படிச் சுவர் முழுக்கக் கரிக்கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஆஸ்பத்திரிச் சுவரில் விரல்தடம் பட்டாலே சோறு இறங்காதவள், சும்மா இருப்பாளா? எல்லோரும் கண்ணயர்ந்த மத்தியானத்தில் சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்து, சுவர் பளிச்சென்று வெளுக்கும்வரை தேய்த்துவிட்டாள்.

அது அழுக்கு இல்லை, கண்ணுகளா. கடல் பொங்கும்போதெல்லாம் கால்வாய் வீட்டுக்குள் எதுவரை ஏறியது என்று மாமனார் காலத்துக்கும் முன்னாலிருந்து போட்டுவைத்த கோடுகள். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டால் எதை மாடிக்கு ஏற்றவேண்டும் என்பதை அந்த வீடு அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அடுத்த மழைக்குத் தண்ணீர் வந்தது. சுவரில் கோடு இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். மாமியாரின் படுக்கையும் தங்கையின் தையல் மெஷினும் முழுகிப்போயின.

அக்காள் உடனே ஒரு புது மெஷின் அனுப்பினாள். அது பெட்டி பிரிக்காமலே திரும்பி வந்தது. போன் எடுப்பாரில்லை. அதனால்தான் நேரிலேயே கிளம்பிவிட்டாள். தான் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பிள்ளை பிறக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு.

படகு வாசலில் நின்றதும் கதவைத் தட்டினாள். மேலே, எட்டிப்பிடிக்க முடியாத உயரத்தில், சமையலறை ஜன்னல் திறந்தது. தங்கை தலையை நீட்டினாள்.

"அத்தை தூங்குறாங்க. தட்டாதே."

"சரி, தட்டல. கதவைத் திற."

"போயிடுக்கா." தலை உள்ளே போய்விட்டது.

படகுக்காரர் துடுப்பை எடுத்தார். "போகச் சொல்லிட்டாங்களேம்மா."

"போயிடுன்னுட்டு அக்கான்னும் சொன்னாளா இல்லையா? நில்லுங்க."

நின்றார். வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக்காட்டிப் பழகிய வாய் அவருக்கு. சும்மா இருக்க முடியாமல், எதிர்வீட்டு உத்திரம் உடைந்த கப்பலின் மரம் என்றும், அந்த வளைவுப் பாலத்தின் அடியில் ஒரு காலத்தில் சுங்கக்காரர்கள் ஒளிந்திருப்பார்கள் என்றும் ஆரம்பித்தார். கப்பல் மரம் இருக்கட்டும், அந்த ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டாள் உடும்பக்கா. வேடிக்கைப் படகு ஒன்று பக்கத்தில் வந்து அவளையும் சேர்த்துப் படம் பிடித்தது. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாளே தவிர இடத்தைவிட்டு அசையவில்லை.

வெயில் ஏறியது. கூடவே கடலும் ஏறியது. இப்போது கிளம்பாவிட்டால் பாலத்துக்கு அடியில் படகு நுழையாது, தண்ணீர் வடியும்வரை இங்கேயே மாட்டிக்கொள்வோம் என்று எச்சரித்தார் படகுக்காரர்.

"மாட்டிப்போம்."

"எனக்கு வேற சவாரி இருக்கும்மா."

"பசி இருக்கா?"

"அது இல்லாமலா."

"பொட்டலத்துல சாப்பாடு இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தார். வேறென்ன செய்வார் பாவம். வாசற்படிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. பாலத்தின் வளைவு சிறுத்துக்கொண்டே வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமிக் கடலேற்றம், தண்ணீர் வழக்கத்தைவிட உயரமாக வரும் நாள். படகு எழும்ப எழும்ப, உட்கார்ந்தபடியே சுவரில் உயர்ந்தாள் உடும்பக்கா.

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தங்கை திரும்பினால், ஜன்னலில் அக்காள் தலை.

"இது என்ன திருட்டு வேலை?"

"நான் ஏறல. தண்ணி ஏத்திவிட்டுது."

தங்கை ஜன்னலை இழுத்துச் சாத்தப் பார்த்தாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அக்காளின் முழங்கை. வயிறு தள்ளிக்கொண்டு நின்ற தங்கையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முழங்கை மட்டும் விலகவில்லை.

"மெஷின் போன கோவத்துலயா நான் பேசாம இருக்கேன்?" என்றாள் தங்கை. "நீ தெரியாம தேய்ச்சே. அது எனக்குத் தெரியாதா? அப்புறம் ஒரு வார்த்தை கேட்டியா? மெஷினை அனுப்பிட்டே, முடிஞ்சுது. அத்தை அந்த வெள்ளைச் சுவத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. எங்களையே அழுக்குன்னு நெனச்சுட்டாளா உங்க அக்கான்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அக்காளுக்குக் கையால் செய்கிற வேலை எதுவும் பாரமில்லை. வாயால் செய்ய வேண்டிய இந்த ஒரு வேலைதான் மலையைப் புரட்டுகிற மாதிரி. பிறந்ததிலிருந்து ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போக வழியில்லை.

"தப்புதான்டி. கேக்காம தேய்ச்சேன், கேக்காமலே மெஷினும் அனுப்பினேன். உங்க அத்தையை எழுப்பு. அவங்ககிட்டயும் சொல்லணும்."

"எழுப்ப வேணாம்," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "நீங்க போடுற சத்தத்துல யாரு தூங்குனா?"

மாமியார் மெதுவாக வந்து நின்றார். அக்காள் அவர் முகத்தைப் பார்த்து அதே வார்த்தையை இன்னொரு முறை சொன்னாள். இரண்டாவது முறையும் சுலபமாக இல்லை. மாமியார் எட்டிக் கீழே பார்த்தார்.

"வாசக்கதவுல பலகை போட்டாச்சு. இப்பத் திறந்தா கால்வாய்தான் முதல்ல உள்ள வரும். வர்றதுன்னா இப்படியே வா."

பின்னாலிருந்து படகுக்காரர் தள்ள, முன்னாலிருந்து மாமியார் இழுக்க, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டாள் உடும்பக்கா. பாரம் தூக்கக் கூடாதென்று ஒதுங்கி நின்ற தங்கைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "உள்ளேயா வெளியேயா, சீக்கிரம் முடிவு பண்ணு" என்றாள். உள்ளேதான் விழுந்தாள். பாலம் உன்னை விடாது, நீயும் வா தம்பி என்று படகுக்காரரையும் அழைத்தார் மாமியார்.

"எனக்கு இன்னும் கோவம் தீரல," என்றாள் தங்கை.

"மெதுவாத் தீரட்டும். பிள்ளை பிறக்கிற வரைக்கும் நான் இங்கதான்." சொல்லிவிட்டு, ஒரு நொடி தயங்கி, மாமியார் பக்கம் திரும்பினாள். "இருக்கலாமாம்மா?"

மாமியார் ஒரு முக்காலியை அவள் உட்காரக் காலால் நகர்த்திவிட்டார்.

இவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலில் என்றைக்காவது கோபம் வந்து நின்றாலும், ஒரு ஜன்னலாவது கம்பியில்லாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைகளைத் தூக்க எப்போதும் இரண்டு கை கூடுதலாகவே இருக்கட்டும்.