முனவ்வராவின் கணக்கு இலக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கற்பிட்டியில் எல்லோருக்கும் தெரியும். வங்கியில் அது உதவும். சந்தேகமான பணப்பரிமாற்றங்களைப் பார்ப்பது எங்கள் கிளையில் என் பொறுப்பு. ஐ.நா. சபையின் தடைப்பட்டியலில் இருக்கிற ஒருவருடைய பணம் உள்ளே வந்தால் உடனே முடக்க வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஏவுகணைக்குச் சாமான் தேடுகிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் காசு அனுப்புவதில்லை. கேள்வி கேட்காத நல்ல மனிதர் ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவர்களிடம் அகப்பட்டிருந்த நல்ல மனிதர் என் சாச்சா, ஜவ்பர்.

சாச்சா காய்ந்த கடல் அட்டை ஏற்றுமதி செய்பவர். அவருடைய கணக்குக்கு முப்பத்தெட்டாயிரம் டொலர் வந்திருந்தது. அனுப்பிய கம்பனி அவரிடம் ஒரு அட்டைகூட வாங்கியதில்லை. கம்பனியின் பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் அதன் சொந்தக்காரன் இருந்தான். வெறும் பெயரை நம்பி நான் யாரையும் பிடிக்கமாட்டேன், எங்கள் தெருவிலேயே நான்கு நௌஃபர் இருக்கிறார்கள். பிறந்த திகதியைப் பார்த்தேன், கடவுச்சீட்டு இலக்கத்தைப் பார்த்தேன். இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தின.

முகாமையாளர் தியாகராசாவிடம் எழுந்துபோனேன். "சேர், இந்தக் கணக்குக்காரர் என்ட வாப்பாட தம்பி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அறிக்கையில அதையே முதல் வரியா எழுதுங்கோ பிள்ளை. நான் இரண்டாவது கையொப்பம் வைக்கிறன். ஒருத்தரிட்டையும் வாய் திறக்கக்கூடாது, வீட்டிலயும்தான்."

"ஓம் சேர்."

பத்து நிமிடத்தில் அந்தத் தொகையை முடக்கி, கொழும்பில் இவற்றை விசாரிக்கும் பிரிவுக்கு அறிக்கை அனுப்பினேன். வாப்பா மௌத்தாகி நான்கு வருடம், எங்களுக்கு ஆண் சகோதரமும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை தங்கை முனவ்வராவுக்கு நிக்காஹ். வாப்பாவின் இடத்தில் வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக, உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டியவர் சாச்சா.

அவர் கெட்டவர் இல்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது சனம் உடுத்த உடுப்போடு தோணியேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தது. சாச்சாவின் சட்டைப் பையில் மட்டும் அடையாள அட்டை இருந்தது. அதைக் காட்டி அவர் ஒரு வங்கிக் கணக்குத் திறந்தார். அகதி முகாமில் இருந்த இருபது குடும்பத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த காசெல்லாம் அந்த ஒரு கணக்குக்குத்தான் வந்தது. சவூதியிலிருந்து வாப்பா அனுப்பியதும் அப்படியே. ஒரு சதம் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. கணக்கை இரவல் கொடுப்பது அவருக்குத் தண்ணீர் கொடுப்பதைப் போல. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது மட்டும் அவருக்கு ஏறவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வங்கிக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி என் மேசையில் தட்டினார்.

"ஃபோன்ல பாத்தா காசு கெடக்குது, எடுக்க ஏலாதாம். இது என்ன கூத்து மகள்?"

"அந்தத் தொகைய நிறுத்தி வெச்சிருக்கு சாச்சா. மத்தக் காசெல்லாம் நீங்க எடுக்கலாம். இதுக்கு மேல சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"அது என்ட காசே இல்ல. தெரிஞ்ச ஒரு வியாபாரி, அவன்ட கூட்டாளிக்கி அனுப்பிவிடச் சொன்ன. சும்மா ஒரு உதவி!"

உதவி! எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தார். உம்மாவும் முனவ்வராவும் பலகாரம் செய்துகொண்டிருந்தார்கள். அவர் கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"முனவ்வராட கணக்கு இலக்கத்தத் தா. அந்த வியாபாரி மிச்சக் காச அதுக்குப் போடுறானாம். ரெண்டு நாள்ல போயிரும்."

முனவ்வரா சிரித்தபடி ஃபோனை எடுத்தாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"குடுக்க ஏலா, சாச்சா."

"ஏன்?"

"ஏன் எண்டு கேக்காதீங்க. இந்த வீட்டுல ஒருத்தர்ட இலக்கமும் ஒருத்தனுக்கும் போகாது."

அவர் முகம் கறுத்துவிட்டது. "உன்ட வாப்பாட காசு என்ட கணக்குலதான் வந்த. நீ தின்ட சோறு அதுல வந்த சோறு."

"ஓம், மறக்கல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப வெள்ளிக்கிழமைக்கி வேற வலி பாத்துக்கங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உம்மா அழுதார். முனவ்வரா என்னோடு கதைக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும், சொல்லக்கூடாது. நான் செய்தது சரி என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் தங்கையின் நிக்காஹ்வை நானே குலைத்துவிட்டேனோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. சரியாக இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று வங்கிப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளை நஜாத் வந்து உட்கார்ந்தார். மௌலவி பதிவேட்டைத் திறந்துவைத்துவிட்டு இரண்டுமுறை மணி பார்த்தார். சாச்சாவின் மகன் றிஸ்மினை உட்காரவைப்போமா என்று பெரியவர்கள் குசுகுசுக்கத் தொடங்கிய நேரத்தில், வெள்ளைச் சாறனும் தொப்பியுமாகச் சாச்சா வாசலில் வந்து நின்றார். நேரே போய் நஜாத்தின் கையைப் பிடித்தார். தன் காக்காவின், எங்கள் வாப்பாவின், மகளைத் தெளிவான குரலில் கட்டிக்கொடுத்தார்.

சாப்பாடு பரிமாறும்போது அடுப்படி வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து கொழும்புலேருந்து விசாரிக்க ரெண்டு பேர் வந்த. ஃபோனக் குடுத்து எல்லாத்தையும் சொல்லிட்டன். அந்தக் காசு தண்ணி மோட்டர் வால்வு வாங்க எண்டு நான் நெனச்ச மகள். அந்த வால்வு ஏவுகணைக்கிப் பூட்டுறதாம். நான் ஏமாந்துதான் போன எண்டு அவங்களுக்கு வெளங்கிட்டு."

"அல்ஹம்துலில்லாஹ்."

"காச நிப்பாட்டின நீதானே?"

"அதச் சொல்ல ஏலா, சாச்சா."

"சொல்லாத." அவர் உள்ளே திரும்பி, மணவறையில் தலை குனிந்திருந்த முனவ்வராவைப் பார்த்தார். "கடைசியா ஒண்டு கேட்டாங்க. வேற ஆர்ட கணக்கு இலக்கத்தையாவது அவனுக்குக் குடுத்தீங்களா எண்டு. இல்ல எண்டு சொன்ன."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ தந்திருந்தா இவட பேரயும் சொல்ல வேண்டி வந்திருக்கும் மகள்."