ஒரு கை தலையில், ஒரு கை துடுப்பில்

எங்கள் பேராயர் ஒரு கையால் மாதம்மாவுக்குத் திடப்படுத்தல் கொடுத்துக்கொண்டே மறு கையால் நானூறு பேருக்கு மட்டன் பிரியாணி கிளறினார். அந்த ஏழு நிமிடமும் அவருடைய மேய்ப்பர் கோலைப் பிடித்துக்கொண்டு திருமண்டலம் முழுவதையும் ஆட்சி செய்தது நான்.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. மைசூரு–சாமராஜநகர் பாசஞ்சரில் முப்பத்து நான்கு வருடம் கார்டாக இருந்தவன் நான். என் பச்சைக்கொடிக்குப் பயந்துதான் நஞ்சன்கூட்டில் ரயில் கிளம்பியது என்று சொன்னாலே சிலர் சிரிக்கிறார்கள். இந்த பிரியாணி விஷயத்தைச் சபையில் யாரும் மறுத்துப் பேசவில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அவர் எங்கள் சேகரக் கமிட்டிச் செயலாளர் சித்தையன். கோர்ட்டில் ஆவணங்களைச் சரிபார்க்கும் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையைத் தேடுவார்.

சித்தையனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஜெபத்தில் கண் மூடுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் யாராவது ஒரு கண்ணை லேசாகத் திறந்தால், ஆமென் சொல்லி முடித்த கையோடு அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அதட்டுவார். கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பேராயர் வருகிறார் என்று சுற்றறிக்கை வந்துவிட்டால் எங்கள் சபைக்குக் கால் தரையில் நிற்காது. கோயில் சுவருக்கு வெள்ளையடிப்போம், பக்கத்து வீட்டுச் சுவருக்கும் அடிப்போம், அசந்து நிற்கும் உபதேசியார் மேலும் ஒரு கோட் விழும். பாடகர் குழு ஒரே பாட்டை நாற்பது நாள் பாடிப் பழகுவதில், கடைசி வாரம் தெருநாய்கள் நான்கு குரலிலும் சேர்ந்துகொள்ளும்.

இந்தப் பேராயருக்கு அத்தனையும் தகும், கூடவும் தகும். கன்னடக்காரர். தமிழ் ஆராதனை முறையைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு 'ழ'கூட வழுக்காமல் வாசிப்பார். கடலோரத்திலிருந்து காட்டோரம் வரைக்கும் சபைகள். எல்லாச் சபையிலும் ஒரு சண்டை: கல்லறைத் தோட்டத்து வேலி யாருடையது, பாடகர் குழுவில் முன்வரிசை யாருக்கு. ஒரு சபையில் இரண்டு கட்சிக்காரர்களும் கோயிலுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டார்களாம். இவர் போலீசைக் கூப்பிடவில்லை, கடிதமும் எழுதவில்லை. போய் வாசற்படியில் உட்கார்ந்தார், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. சரி, மூன்று மணி நேரம். இரண்டு பூட்டும் திறந்தன.

பேராயர் ஒருவரின் கை தலையில் படத்தான் மாதம்மா முப்பத்திரண்டு வருடம் காத்திருந்தாள்.

ஞானஸ்நானம் எந்த ஆயரும் கொடுக்கலாம். திடப்படுத்தல் அப்படியில்லை. பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எங்கள் சபையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும். மாதம்மா ராமாபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இங்கே ஞானஸ்நானம் பெற்றவள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பேராயர் திடப்படுத்தல் கொடுக்க வருவார். பேராயர் வந்தால் சபைக்கு விருந்து. விருந்து என்றால் சமையல் மாதம்மா. ஆக, பேராயர் கோயிலுக்குள் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் மாதம்மா கோயிலுக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் அடுப்பில் கை வைத்திருந்தாள். ஏழு முறை அப்படி ஆனது. மூன்று பேராயர்கள் அவள் பிரியாணியைச் சாப்பிட்டுப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவள் திருவிருந்து எடுத்ததில்லை என்பது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. திருவிருந்து நேரத்தில் அவள் பின்பக்கம் நழுவிப் போய் ஏதாவது கழுவிக்கொண்டிருப்பாள்; பாவம், வேலை என்று நினைத்துக்கொண்டோம்.

புதிதாக வந்த ஆயர் பூங்குழலி அம்மாதான் பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கண்டுபிடித்தார். "மாதம்மா பேர் இதுல எங்கேயுமே இல்லையே?" என்று கமிட்டியில் கேட்டார். பன்னிரண்டு பேரும் மேசையைப் பார்த்தோம்.

அதன்பிறகு மாதம்மா பதிமூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எட்டு வாரம் வகுப்புக்கு வந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பத்துக் கட்டளைகளையும் ஒப்பித்தாள். எனக்கு இன்றைக்கும் ஏழாவதும் எட்டாவதும் குழம்பும். விடியற்காலையிலேயே சமையலைத் தொடங்கி, ஆராதனைக்கு முன்பே அண்டாவை தம்மில் போட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு.

முந்தைய நாள் பெய்த மழையில் விறகு நனைந்துவிட்டது.

ஆராதனை ஒன்பதரைக்குத் தொடங்கியது. பதிமூன்று பிள்ளைகளும் ஒவ்வொருவராக முழங்காலிட்டு எழுந்தார்கள். ஆயர் அம்மா பதினான்காவது பெயரை வாசித்தார். "மாதம்மா." யாரும் வரவில்லை. மறுபடி வாசித்தார். பின்கதவு வழியாகப் புகை வாசனைதான் வந்தது.

சித்தையன் முன்னால் போய்ப் பேராயரிடம் தணிந்த குரலில், "ஐயா, அந்தம்மாதான் சமையல். விறகு ஈரம். இப்பத்தான் அரிசி போட்டிருக்காங்களாம். அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றார்.

"அடுத்த தடவையா?" பேராயர் சபையைப் பார்த்தார். "இது எத்தனாவது தடவை?"

சித்தையன் தொண்டையைக் கனைத்தார். பதிவேட்டில் இல்லாததை அவர் சொல்ல மாட்டார். நான் எழுந்து நின்று, விசில் ஊதுகிற தொண்டையில், "எட்டாவது ஐயா!" என்றேன். பலிபீடத்து மெழுகுவர்த்தி இரண்டு அணைந்தன.

பேராயர் மேய்ப்பர் கோலை எடுத்தார், திரும்பினார், நடுவழியே பின்கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"ஐயா," சித்தையன் பின்னாலேயே ஓடினார், "திடப்படுத்தல் சபை முன்னிலையிலதான் நடக்கணும்."

"ஹௌது, ஹௌது. நியாயம்தான். சபையையும் கூட்டிட்டு வாங்க."

நானூறு பேரும் எழுந்தோம். பாடகர் குழு பாடிக்கொண்டே வந்தது. வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாகப் பதிமூன்று பிள்ளைகள், பட்டுப்புடவைகள், கோட்டுகள் எல்லாம் சேற்றில் கால் வைத்துக் கொட்டகையைச் சுற்றி நின்றன. ஒருவரைத் தேடிக்கொண்டு இவ்வளவு பெரிய கூட்டம் போனதை மைசூரு தசராவில்கூடப் பார்த்ததில்லை. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மாதம்மா எங்களைப் பார்த்ததும் துடுப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். முகமெல்லாம் கரி. "ஐயோ, ஐயா! நான் வர முடியாதுங்க. தண்ணி வத்துற நேரமுங்க. இப்ப விட்டா அடி பிடிச்சுருமுங்க, இத்தனை பேரும் பசியோட போவாங்க."

"நீங்க வரவே வேணாம், அம்மா," என்றார் பேராயர். "நான்தான் வந்துட்டேனே."

கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார். மாதம்மா கிளறிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி முடிந்ததும் துடுப்பை அண்டாவில் சாய்த்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, தரையில் கிடந்த சாக்கின் மேல் முழங்காலிட்டாள். பேராயர் கோலை என் கையில் கொடுத்தார். பேராயர் வாசிக்க ஆயர் அம்மா புத்தகத்தைத் தூக்கிப் பிடித்ததில் அம்மாவின் முகமே மறைந்தது. நானூறு பேரும் கண்களை மூடினார்கள்.

எனக்கு ஜெபத்தில் கண் மூடும் பழக்கம் இல்லை. கார்டு கண்ணை மூடினால் கடைசிப் பெட்டி கழன்று போய்விடும்.

பேராயர் வலது கையை அவள் தலையில் வைத்து ஜெபிக்கத் தொடங்கினார். பாதி ஜெபத்தில் அண்டாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாதம்மா கண்ணைத் திறக்காமல், அழுதுகொண்டே, "ஐயா, அடி பிடிக்குதுங்க" என்றாள்.

பேராயருடைய குரல் நிற்கவில்லை. வலது கை அசையவில்லை. இடது கையால் துடுப்பைப் பிடித்தார். ஜெபத்தின் தாளத்துக்கே ஒரு சுற்று, இரண்டு சுற்று, அடியிலிருந்து மேல்வரை புரட்டினார். அங்கிக் கையில் மசாலா தெறித்தது. ஆமென் என்று சொல்லி முடித்ததும் துடுப்பைச் சாய்த்து வைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போலக் கோலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். சபை பாடிக்கொண்டே கோயிலுக்குத் திரும்பியது.

மாதம்மா அண்டாவை மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்பினாள். இனி அரைமணி நேரம் அங்கே வேலையில்லை. ஆனாலும் அவள் வரவில்லை. திருவிருந்து தொடங்கியது. முன்வரிசைகள் போய் வந்தன, நடுவரிசைகள் போய் வந்தன. நான் பின்கதவு வழியாக ஓடினேன். சித்தையன் எனக்கு முன்பே அங்கே போய், பிரியாணி எத்தனை மணிக்குத் தயார் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

மாதம்மா அதே சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மாதம்மா, முக்கால்வாசிப் பேர் எடுத்தாச்சு, எழுந்து வா."

"நான் வரலீங்கண்ணா. எனக்கு அது முழுசா ஆகலீங்க."

"எது ஆகல?"

"நடுவுல நான் வாயைத் திறந்து அடி பிடிக்குதுன்னு சொல்லித் தொலைச்சேனுங்க. அப்புறம் துடுப்பு சுத்துற சத்தம் கேட்டுச்சு. அண்டா பக்கத்துல ஐயாவைத் தவிர யாரு இருந்தாங்க? அப்ப என் தலையில இருந்த கையை எடுத்துட்டுத்தானே கிளறியிருப்பாரு? அழுகையில எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. முப்பத்திரண்டு வருசம் காத்துட்டு இருந்து, அரைகுறையா வாங்கிட்டுப் போயி அப்பத்தைத் தொட மாட்டேனுங்க."

"எடுக்கவே இல்லம்மா! வலது கை உன் தலையில, இடது கை துடுப்புல. நான் பார்த்தேன்!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன்! "அண்ணா, போன மாசம் சாமுண்டி மலைப் படியில சிறுத்தை உங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்னுச்சுன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தி, ஒத்தைக் கையில ரயிலைத் தள்ளினேன்னீங்க. உங்க பேச்சை நம்பி நான் முழங்கால் போடணுங்களா?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஒதுங்கி நின்ற அந்தச் சிறுத்தை வெறும் நாய்தான் என்று இப்போது ஒப்புக்கொண்டாலும் பயனில்லை.

"சித்தையா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்தைச் சொல்றது?" அவர் குறிப்பேட்டை மூடினார். "ஆராதனை நடுவுல ஒரு பேராயர் துடுப்பைத் தொட்டார்னு எந்த முறையிலும் கிடையாது. ஏதோ காத்துல துடுப்பு ஆடியிருக்கும். எல்லாரும் ஜெபத்துல கண்ணை மூடியிருந்தாங்க. பார்த்த சாட்சி யாரு? இவரா?"

"காத்துல அவ்வளவு பெரிய துடுப்பு ஆடுமாய்யா?"

"ஆடாதுன்னு நிரூபிங்க."

மாதம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "விடுங்கண்ணா. அடுத்த ஐயா வருவாரு. அதுவரைக்கும் இருந்தா பார்த்துக்கலாம்." அவளுக்கு அறுபத்தாறு வயது. புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கரி இன்னும் பரவியது.

திறந்திருந்த பின்கதவு வழியாகக் கோயிலுக்குள் தெரிந்தது. கடைசி வரிசையும் எழுந்து போய்விட்டது. படியில் முழங்காலிட்டிருந்தவர்கள் எல்லாரும் இடத்துக்குத் திரும்பினார்கள். பேராயர் பலிபீடத்துக்குத் திரும்பவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் படிக்கு முன்னால், பின்கதவைப் பார்த்தபடி நின்றார். நானூறு பேரும் அவரோடு காத்திருந்தார்கள். அப்படி நிற்பவர் மூன்று நாளும் நிற்பார் என்பது எங்களுக்குத் தெரியும்.

சித்தையனும் அதைப் பார்த்தார். குறிப்பேட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"மாதம்மா," என்றார், "கையை எடுக்கல."

"கேள்விப்பட்டதைச் சொல்றீங்களா ஐயா, பார்த்ததைச் சொல்றீங்களா?"

கோர்ட்டில் அவர் முப்பது வருடம் கேட்டுப் பழகிய கேள்வி அது. தரையைப் பார்த்தார்.

"வலது கை, உன் முக்காட்டு மேல, ஆரம்பத்துலேருந்து ஆமென் வரைக்கும். இடது கையால ஆறு சுத்து. எண்ணினேன். மூணாவது சுத்துல அங்கியில மசாலா தெறிச்சுச்சு, அந்தக் கறை இப்பவும் இருக்கு, போய்ப் பாரு."

மாதம்மா எழுந்துவிட்டாள். குடத்துத் தண்ணீரைச் சாய்த்து முகத்தையும் கையையும் கழுவினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பின்கதவுப் படியில் கால் வைத்தவள் நின்று திரும்பினாள்.

"அப்ப, ஜெபத்துல நீங்க கண்ணைத் திறந்தா வெச்சிருந்தீங்க?"

சித்தையன் என்னைப் பார்க்கவில்லை. என் முகத்தில் அப்போது என்ன இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஆமாம்மா, திறந்துதான் இருந்துச்சு. எப்பவும் திறந்துதான் இருக்கும். இந்த மனுஷன் சொன்னது அத்தனையும் நடந்துச்சு, நான் பார்த்தேன். போம்மா, ஐயா அங்கே உனக்காகத் தட்டோட நிக்கிறாரு."